சொக்கனின் மூக்கும் கவிஞரின் காளானும்

பூனைக்குக் காளான் பொடி கொடுக்கச் சொன்னவர் ஒரு கவிஞர். வியாபாரி யாராவது சொல்லியிருந்தால் அம்மா காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டார். தோட்டத்து லயத்தில் இருந்த காலத்திலேயே தவணைப் புடவை, நகைச்சீட்டு, சகல நோய்க்கும் ஒரே காப்பித்தூள் என்று வாசலுக்கு வந்த எல்லாரையும் பார்த்தவர் அவர். கவிஞர் வேறு. சிரம்பானில் நாங்கள் மாதம் ஒருமுறை கூடும் வாசிப்பு வட்டத்தில் மூத்தவர். அம்பாங்கானில் எங்கள் வீட்டுக்கு வந்தால் அம்மாவை அக்கா என்று கூப்பிட்டு, அடுப்படி வரை வந்து பேசுகிறவர்.

அன்றைக்கு சொக்கன் வாசலில் படுத்திருந்தான். ஆண் பூனை, நான்கு கிலோ. ராத்திரியானால் தாமானுக்குப் பின்னால் இருக்கிற புதரில் சண்டை பிடித்துவிட்டு விடிகாலையில் வருகிறவன். மூக்குத் தண்டில் ஒரு புண். பொருக்குத் தட்டும், மறுபடி உடையும், ஈரமாகவே இருக்கும். கவிஞர் குனிந்து பார்த்தார். "டாக்டர்கிட்ட கொண்டுபோனா ஊசியப் போட்டுக் கெடுத்து வச்சிருவாங்க அக்கா. உடம்பு தன்னத்தானே சரிபண்ணிக்கும். நாம கூட நின்னா போதும்" என்றார். அடுத்த வாரம் டப்பா வந்தது. அறுபது கிராம், 89 ரிங்கிட். மேலே பச்சை எழுத்தில், வளர்ப்புப் பிராணிகளுக்கான முழுமையான நலத் துணை என்று பொருள்படும் ஆங்கில வாசகம். உள்ளே மூன்று காளான்களின் பொடி: வான்கோழி வால், லிங்ஷி, சிங்கப்பிடரி.

நான் தடுக்கவில்லை. இதைச் சொல்லாமல் மேலே எழுதினால் நேர்மையாக இருக்காது. செனாவாங்கில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறேன். தொகுதிச் சான்றிதழ் இல்லாமல் ஒரு பெட்டி திருகாணி வந்தால்கூட லாரியிலிருந்து இறக்க விட மாட்டேன். அந்த டப்பாவை எடுத்தேன், திருப்பினேன், வைத்துவிட்டேன். நண்பர் கொடுத்தது, வேறென்ன.

ஐந்து வாரம் அம்மா நெத்திலி வேகவைத்த தண்ணீரில் பொடியைக் கரைத்துக் கொடுத்தார். சொக்கன் துப்பியதைத் துடைத்தார். கீறினான், கீறட்டும் என்று விட்டார். ஆறாவது வாரம் அவருடைய இடதுகை நடுவிரலில் ஒரு கட்டி எழும்பி உடைந்தது. அதற்கு மேலே புறங்கையில் இன்னொன்று, மணிக்கட்டைத் தாண்டி மூன்றாவது, முழங்கைக்குக் கீழே நான்காவது. கயிற்றில் முடிச்சுப் போட்ட மாதிரி ஒரே வரிசை. அரசாங்க மருத்துவமனையில் இளம் மலாய் டாக்டர் கையைத் தூக்கிப் பார்த்த அடுத்த நொடி கேட்ட கேள்வி: "வீட்டில் பூனை இருக்கிறதா, மாக்சிக்?"

அதன் பெயர் ஸ்போரோடிரைகோசிஸ். காரணம் ஒரு பூஞ்சை. மண்ணிலும் மக்கிய இலையிலும் நூல் நூலாக வாழும். உடம்புச் சூட்டுக்குள் வந்தால் ஈஸ்ட் மாதிரி உருண்டையாக மாறிப் பெருகும். ரோஜா முள் குத்தி வருவதால் மேலைநாடுகளில் தோட்டக்காரர் நோய் என்பார்கள். மலேசியாவில் அதற்குப் பெரும்பாலும் முள் தேவைப்படுவதில்லை, பூனை போதும். பூனையின் புண்ணில் இந்தக் கிருமி கொள்ளை கொள்ளையாக இருக்கும். ஒரு கீறல், ஒரு கடி, மனிதனுக்கு வந்துவிடும். நம் நாட்டு ஆய்வாளர்கள் பூனைகளிலிருந்து எடுத்த மாதிரிகளைப் பரிசோதித்து எழுதியிருக்கிறார்கள். பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவில் இதே குடும்பத்துக் கிருமி 1990களின் கடைசியிலிருந்து பூனை வழியாகப் பரவி மாபெரும் கொள்ளைநோயாகவே ஆனது. மருந்து உண்டு: இட்ராகோனசோல். பூனைக்கு மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும், புண் ஆறிய பிறகும் குறைந்தது ஒரு மாதம் நிறுத்தக் கூடாது. புண்ணிலிருந்து கண்ணாடித் துண்டில் ஒற்றி எடுத்துச் சாயம் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் பெரும்பாலும் அன்றைக்கே தெரிந்துவிடும். சொக்கனுக்கு அப்படித்தான் தெரிந்தது. மிருக டாக்டர் என்னைக் கூப்பிட்டு நுண்ணோக்கியில் காட்டினார். திராட்சைக்கொத்து மாதிரி.

ஆக, என் பூனையின் மூக்கைத் தின்றுகொண்டிருந்தது ஒரு பூஞ்சை. அதை விரட்ட நாங்கள் ஐந்து வாரமாக ஊட்டியது இன்னொரு பூஞ்சை.

அம்மாவுக்கு நான்கு மாத மாத்திரையில் சரியானது. தழும்பு இருக்கிறது. சொக்கன் சிகிச்சை தொடங்கி ஏழாவது வாரம் செத்துப்போனான். கடைசியில் மூச்சு விடவே சிரமப்பட்டான். "ஐந்து வாரம் முன்னாடி கொண்டுவந்திருந்தா பிழைச்சிருப்பானா?" என்று டாக்டரிடம் கேட்டேன். வாய்ப்பு கூடியிருக்கும், அதற்கு மேல் சொல்ல முடியாது என்றார். நானும் அதற்கு மேல் சொல்லப்போவதில்லை. காளான் அவனைக் கொன்றது என்று இந்தக் கட்டுரை சொல்லவில்லை. காளான் ஐந்து வாரத்தை எடுத்துக்கொண்டது. எங்களுக்கு ஏதோ செய்துகொண்டிருக்கிறோம் என்ற நிம்மதியைக் கொடுத்து எடுத்துக்கொண்டது.

சொந்தக் கதையை இதோடு விட்டிருப்பேன். ஆனால் அடுத்த வாசிப்பு வட்டத்தில் கவிஞர் பேசினார். சொக்கனைப் பற்றி உருக்கமாகத்தான் ஆரம்பித்தார். போகப்போக, மேலை மருத்துவம் உறுப்பைப் பார்க்கிறது, நம் மரபு முழுமையைப் பார்க்கிறது, கடைசி நேரத்தில் ரசாயனத்துக்கு மாறியதால்தான் அந்த உயிர் தாங்கவில்லை என்கிற இடத்துக்கு வந்துவிட்டார். கைதட்டினார்கள். தட்டியவர்களில் பாதிப் பேர் இந்த இதழைப் படிக்கிறவர்கள். அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் மரபு என்ற சொல்.

எங்கள் பாட்டி லாபு பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருஷம் பால் வெட்டியவர். பெரிய மழை பெய்து மூன்றாம் நாள், வெயில் ஏறுவதற்கு முன்னால் கறையான் புற்றுப் பக்கம் போவார். புற்றுக்காளான் கிடைத்தால் அன்றைக்கு வீட்டில் கறிச்சமையல் வாசம். அவருடைய விதி ஒன்றே ஒன்று: அம்மா காட்டிக்கொடுத்த காளான், அதே மாதிரி இடத்தில் முளைத்தால் மட்டும் கை வைப்பது. பார்க்க அழகாக இருக்கிறது, பக்கத்து லயத்தில் யாரோ சாப்பிட்டார்களாம் என்பதெல்லாம் எடுபடாது. தெரியாத காளானைக் காலால்கூட எத்த விட மாட்டார். நாய்க்குக் காளான் கொடுத்ததாக அவர் வாயிலிருந்து ஒரு கதையும் நான் கேட்டதில்லை. நாய்க்கு வைத்தியம் என்பதே தோட்டத்தில் கிடையாதே! சொறி வந்தால் கறுப்பு எண்ணெயைத் தடவுவார்கள், அதுவே அதற்கு விஷம். இல்லாவிட்டால் தானாகத் தேறும், அல்லது செத்துக் கிடக்கும். அந்த மரபுக்குத் திரும்பச் சொல்கிறாரா கவிஞர்?

இந்த மண்ணுக்கென்று ஒரு மருந்துக் காளான் உண்மையிலேயே உண்டு. மலாயில் சென்டாவான் சூசு ரிமாவ், புலிப்பால் காளான். குட்டிக்குப் பால் கொடுக்கும்போது புலியின் பால் சிந்திய இடத்தில் முளைப்பதாகக் கதை. மண்ணுக்கடியில் கிழங்கு மாதிரி இறுகிக் கிடக்கிற பகுதிதான் மருந்து. ஓராங் அஸ்லி மக்கள் இருமலுக்கும் இளைப்புக்கும் காய்ச்சலுக்கும் அதைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். 1664-லேயே லண்டனில் ஜான் எவ்லின் தன் நாட்குறிப்பில் இதை எழுதி வைத்திருக்கிறார். கிழக்கிலிருந்து யேசு சபையினர் அனுப்பிய அபூர்வப் பொருள்களில் ஒன்றாகப் பார்த்திருக்கிறார். 1890 வாக்கில் இதைக் குறித்தவர் யார் தெரியுமா? ஹென்றி ரிட்லி. பால்மரத்தை மலாயா முழுக்க நடவைத்த அதே ரிட்லி. நம் தாத்தா பாட்டிகள் கப்பலேறி வந்ததற்கு ஒரு காரணமான மனிதர். இந்தக் காளானை வளர்க்கவும் முயன்றார், முடியவில்லை. மலேசிய ஆய்வாளர்கள் இந்த நூற்றாண்டில்தான் அதற்கு வழி கண்டார்கள்.

அழகான வரலாறு. கவிஞர் கொடுத்த டப்பாவில் இந்தக் காளான் இல்லை. இருந்த மூன்றும் சீன, ஜப்பானிய மருத்துவத்திலிருந்து அமெரிக்காவுக்குப் போய், அங்கே நாய் படம் ஒட்டப்பட்டுத் திரும்பி வந்தவை. அதில் தப்பில்லை, மருந்து எந்த ஊரிலிருந்தும் வரலாம். ஆனால் அதை நம் மரபு என்று மேடையில் சொன்னால், அது நம் பாட்டியின் பெயரில் இன்னொருவர் போடுகிற கையெழுத்து.

லிங்ஷியைப் பற்றி ஒன்று. அதன் அறிவியல் இனப் பெயர் கானோடெர்மா. செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிற யாரிடமாவது போய் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் சுருங்கும். கானோடெர்மா போனினென்ஸ் என்கிற அதன் சொந்தக்காரன்தான் செம்பனையின் அடித்தண்டை அழுகவைத்துச் சாய்க்கிற கொலைகாரன்; நாட்டின் செம்பனைக்கு வருகிற நோய்களில் மிக மோசமானது அது. காலையில் தோட்டத்தில் கானோடெர்மாவைச் சபித்துவிட்டு, சாயங்காலம் கானோடெர்மா காப்பி விற்பவரை வாசலில் வரவேற்ற தலைமுறை நம்முடையது. இரண்டும் வேறு வேறு சாதிக் காளான்கள்தான், ஒன்றை வைத்து இன்னொன்றைப் பழிக்கக் கூடாது. ஆனாலும் சிரிப்பு வருகிறது.

அடுத்தது அறிவியல். மரபைப் பேசுகிறவர்கள் அறிவியலைக் கைவிடுவதே இல்லை. தேவைப்படுகிற துண்டை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்வார்கள். கவிஞர் அம்மாவுக்கு வாட்சப்பில் அனுப்பியது அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் 2012 செய்தி. புற்றுநோய் வந்த நாய்கள் வான்கோழி வால் காளானால் நெடுநாள் வாழ்ந்தன என்பது. செய்தி பொய்யில்லை. டோரதி சிமினோ பிரவுன், ஜெனிஃபர் ரீட்ஸ் இருவரும் செய்த ஆய்வு. நாயின் மண்ணீரலில் ரத்தக்குழாய்ச் சுவரிலிருந்து கிளம்புகிற ஹீமாஞ்சியோசர்கோமா, நாய்களுக்கு வருவதிலேயே கொடூரமானவற்றில் ஒன்று. மண்ணீரலை வெட்டி எடுத்த பிறகும் நாய் சில மாதங்களில் போய்விடும். பதினைந்து நாய்களை மூன்று பிரிவாக்கி, காளானிலிருந்து பிரித்தெடுத்த பிஎஸ்பி என்ற பொருளை மூன்று அளவுகளில் கொடுத்தார்கள். அதிக அளவு, அதாவது கிலோவுக்கு 100 மில்லிகிராம் தினமும் பெற்ற பிரிவில் நடுமதிப்பு ஆயுள் 199 நாள். அறுவை மட்டும் செய்த நாய்களுக்கு அதற்கு முன் பதிவான மிக நீண்ட நடுமதிப்பு 86 நாள். எவருக்கும் ஆசை வரும் கணக்கு.

பொறியாளனாக இதை இரண்டாம் முறை படிக்கும்போது கண்ணில் படுவது வேறு. பதினைந்து நாயை மூன்றாகப் பிரித்தால் பிரிவுக்கு ஐந்து. மருந்தே கொடுக்காமல் கூடவே வைத்துப் பார்த்த பிரிவு இல்லை. ஒப்பீடு பழைய பதிவேடுகளோடு. இது முன்னோட்டம் என்று அவர்களே சொல்லித்தான் வெளியிட்டார்கள். ஐந்து பாகத்தைச் சோதித்து உற்பத்திக்கு அனுமதி கொடுத்தால் என்னை அன்றைக்கே வேலையை விட்டுத் துரத்துவார்கள்.

அதே பல்கலைக்கழகம் அங்கே நிற்கவில்லை. பெரிய ஆய்வு ஒன்று நடந்தது, 101 நாய்கள். ஒரு பிரிவுக்கு டாக்சோரூபிசின் என்ற வழக்கமான புற்றுநோய் மருந்து, ஒரு பிரிவுக்கு அதே காளான் பொருள், ஒரு பிரிவுக்கு இரண்டும். முடிவு 2022-ல் வந்தது. காளானைச் சேர்த்ததால் டாக்சோரூபிசினைவிடக் கூடுதல் பயன் எதுவும் தெரியவில்லை. ஆண் நாய்களில் மூன்று பிரிவுக்கும் வித்தியாசமில்லை. பெண் நாய்களில், காளானை மட்டும் பெற்றவை மற்ற இரு பிரிவுகளைவிட அதிக இறப்பு அபாயத்தில் இருந்தன.

பத்து வருஷம் கழித்து வந்த இந்தச் செய்தியை வாட்சப்பில் யாரும் அனுப்பவில்லை. டப்பாவிலும் இல்லை. எனக்குக் காளான் மீது கோபமில்லை. நம்பிக்கையோடு தொடங்கி, பெரிதாகச் சோதித்து, சரிவரவில்லை என்று தெரிந்தபோது அதையும் அச்சில் போட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய முதல் பாதியை மட்டும் திருடி விற்கிறவர்கள்மீதுதான் கோபம். அந்த முதல் பாதியும் என்ன சொல்கிறது? சொக்கனுக்கு அந்தக் கணக்கில் தினம் 400 மில்லிகிராம், அதுவும் பிரித்தெடுத்துச் சீராக்கிய பொருள். டப்பாவில் போட்டிருந்தது "அரைத் தேக்கரண்டி". அரைத் தேக்கரண்டியில் பிஎஸ்பி எவ்வளவு, மாவு எவ்வளவு? காளானை முளைக்க விடாமல், தானியத்தில் நூலாகப் பரவும்போதே தானியத்தோடு சேர்த்து அரைத்து விற்பதும் உண்டு. அப்படிச் செய்ததில் கணிசமான பங்கு வெறும் மாவுச்சத்து. அமெரிக்கச் சந்தையில் வாங்கிய லிங்ஷிப் பொருள்கள் 19 தொகுதிகளைச் சோதித்த ஒரு ஆய்வு 2017-ல் வந்தது. லேபிளில் சொன்னபடி இருந்தவை ஐந்து. அது மனிதர்களுக்கு விற்றது. பூனைக்கு விற்பதை யார் சோதிக்கப்போகிறார்கள்?

சட்டம் காப்பாற்றும் என்று நினைத்தேன். மலாயா சுதந்திரம் வாங்குவதற்கு முந்தைய வருஷம், 1956-ல், மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் வந்தது. புற்றுநோய், நீரிழிவு, வலிப்பு, ஆஸ்துமா என்று ஒரு பட்டியல் போட்டு, இவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யாதே என்று சொல்கிற சட்டம். லேகியக்காரர்களுக்கு அதனால்தான் கொஞ்சம் பயம். அந்தப் பட்டியல் மனிதர்களின் நோய்களைப் பற்றியது. மனிதர்களுக்கான பாரம்பரிய மருந்தில் எம்.ஏ.எல். என்று தொடங்கி டி என்று முடிகிற பதிவு எண்ணாவது இருக்கும். எங்கள் டப்பாவில் எந்த எண்ணும் இல்லை. பின்பக்கத்தில் ஒரு சிரிக்கிற நாய் இருந்தது.

இப்போது "முழுமை"க்கு வருகிறேன். எனக்கு மிகவும் எரிச்சலூட்டுகிற சொல் இதுதான். இலக்கியத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரு கனம் உண்டு, அந்தக் கனத்தைக் கடன் வாங்கித்தான் டப்பாவும் ஓடுகிறது. முழுமையாகப் பார்ப்பது என்றால் சொக்கனைப் பொறுத்தவரை என்ன? அவன் எங்கே திரிகிறான், யாரோடு சண்டை போடுகிறான், கருத்தடை செய்திருக்கிறதா, புண் எத்தனை நாளாக ஆறவில்லை, வீட்டில் யாருக்கு என்ன கட்டி. அரசாங்க மருத்துவமனையில் நாற்பது பேரைப் பார்த்த களைப்பில் இருந்த அந்த இளம் டாக்டர் மனிதக் கையைப் பார்த்துப் பூனையைக் கேட்டாரே, அதுதான் முழுமையான பார்வை. கவிஞர் பூனையையே நேரில் பார்த்தும் புண்ணைக் கேட்கவில்லை. "உடம்பு தன்னைத்தானே சரிபண்ணிக்கும்" என்ற வாக்கியத்தில் எந்தப் பூனையும் இல்லை. எந்தப் பூனைக்கும், எந்தப் புண்ணுக்கும், எந்த வருஷத்திலும் அதைச் சொல்லலாம்.

"எதிர்ப்புச் சக்தி" இன்னொன்று. காளானின் செல் சுவரில் பீட்டா-குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. உடம்பின் காவல் செல்கள் அதை அடையாளம் கண்டு சுறுசுறுப்பாகும் என்பதுதான் இந்தப் பொடிகளின் அடிப்படை விளக்கம். ஆய்வுக்கூடத்தில் உண்மை. ஏன் அடையாளம் காண்கின்றன? பூஞ்சை என்பது உடம்புக்கு எதிரி, அதனால். ஸ்போரோடிரைகோசிஸ் கிருமியின் சுவரிலும் அதே பீட்டா-குளுக்கான் உண்டு. சொக்கனின் மூக்கில் அதற்குப் பஞ்சமே இல்லை. நாங்கள்தான் வாய்வழியாக இன்னும் கொஞ்சம் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

பூஞ்சையிலிருந்து பிராணிகளுக்கு நல்ல மருந்து வந்ததே இல்லையா? வந்திருக்கிறது. படர்தாமரைக்குக் கொடுத்துவந்த கிரிசியோஃபுல்வின் ஒரு பூஞ்சையிலிருந்து வந்தது. நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த பூஞ்சை ஒன்றிலிருந்து வந்த சைக்ளோஸ்போரின், அரிப்பால் தோலைக் கிழித்துக்கொள்கிற நாய்களுக்கும் பூனைகளுக்கும் இன்றும் கொடுக்கப்படுகிறது. அது என்ன செய்கிறது தெரியுமா? எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிறது. ஒவ்வாமை என்பதே தேவையில்லாமல் கூடிப்போன எதிர்ப்புதானே. தன் ரத்த அணுக்களையே தின்று தீர்க்கிற நாய்கள் உண்டு, அவற்றுக்கும் எதிர்ப்பை அடக்கத்தான் மருந்து. "எதிர்ப்புச் சக்தி கூட்டும்" என்பதை எல்லாப் பிராணிக்கும் பொதுவான வரம்போல அச்சடிக்கிறவருக்கு, அந்தப் பிராணிக்கு என்ன நோய் என்று அக்கறை இல்லை என்றுதான் பொருள்.

"ஆனா நல்லா இருந்தானே, பொடி கொடுத்தப்ப" என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறார். நானும் அப்படித்தான் நம்பினேன். பிறகு ஒருநாள் கைப்பேசியை எடுத்து அந்த ஐந்து வாரத்தைப் பார்த்தேன். அம்மா அனுப்பிய செய்திகள்: "இன்னிக்குப் பரவால்ல", "புண்ணு காயுற மாதிரி இருக்கு", "நல்லா சாப்ட்டான்". அதே நாட்களில் அவர் எடுத்து அனுப்பிய படங்கள்: முதல் வாரம் மிளகு அளவு, இரண்டாம் வாரம் பத்து சென் அளவு, ஐந்தாம் வாரம் மூக்கின் பாலம் உள்ளே அமிழ்ந்திருக்கிறது. செய்தியும் படமும் ஒரே கையிலிருந்து ஒரே நேரத்தில் வந்தவை.

அம்மா பொய் சொல்லவில்லை. 2012-ல் அமெரிக்கக் கால்நடை மருத்துவ இதழில் வந்த ஒரு ஆய்வு எனக்கு இதை விளக்கியது. மூட்டு வாதத்தால் நொண்டுகிற 58 நாய்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை கொடுத்திருந்தார்கள். பாதம் தரையில் எவ்வளவு பலமாக ஊன்றுகிறது என்று அளக்கிற தட்டில் நடக்கவிட்டு அளந்தார்கள். தட்டு காட்டாத முன்னேற்றத்தை வளர்ப்பவர்கள் கண்டார்கள், ஏறக்குறைய 57 சதவீதம். மருத்துவர்களும் தப்பவில்லை, நாற்பதிலிருந்து நாற்பத்தைந்து சதவீதம். மனிதனுக்கு வெற்று மாத்திரை கொடுத்தால் வலியாவது கொஞ்சம் குறைந்ததாக அவனுக்குத் தோன்றும். நாய்க்குக் கொடுத்தால் நமக்குத் தோன்றுகிறது. நாய் அப்படியே நொண்டிக்கொண்டிருக்கிறது. சொக்கனின் காளானைச் சாப்பிட்டு ஆறுதல் அடைந்தது அம்மாவும் நானும் கவிஞரும்.

டாக்டரைவிடக் கண் தட்டை நம்பு என்று சொல்ல வரவில்லை. டாக்டர்களுக்கும் ஆசை உண்டு என்பதால்தானே தட்டையும் நுண்ணோக்கியையும் கண்டுபிடித்தார்கள். அதை ஆணவம் என்கிறார் கவிஞர். தன் கண்ணை நம்பாமல் அளந்து பார்ப்பவன் ஆணவக்காரனா, குனிந்து ஒரு பார்வை பார்த்து மருந்து சொல்கிறவன் ஆணவக்காரனா?

நியாயமான எதிர்வாதம் ஒன்று உண்டு: செலவு. சொக்கனுக்கு முதல் நாள் மட்டும் 160 ரிங்கிட் ஆனது, பிறகு மாதாமாதம் மாத்திரை. சம்பளத்தில் வாழ்கிற எத்தனை பேரால் முடியும்? தனியார் கிளினிக்கில் விலையைக் கேட்டுவிட்டுக் கூண்டோடு திரும்பி நடந்த கிழவரைப் பார்த்திருக்கிறேன். அவருக்கு நான் பிரசங்கம் செய்ய மாட்டேன். ஆனால் காளான் பொடி ஏழைகளின் மருந்து என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். 89 ரிங்கிட், அறுபது கிராம். அதே பணத்தை எடுத்துக்கொண்டு கட்டணம் குறைவான அரசாங்கக் கால்நடை கிளினிக்குக்குப் போயிருந்தால் அந்தக் கண்ணாடித் துண்டுச் சோதனை முதல் வாரமே நடந்திருக்கும். விலங்கு நலச் சட்டம் 2015, வளர்க்கிற பிராணியை நோயிலிருந்து காப்பது வளர்ப்பவரின் கடமை என்கிறது. அதை மீறியவன் என்று என்னைத்தான் முதலில் நிறுத்த வேண்டும்.

பக்கவாட்டில் கொடுப்பதில் என்ன தப்பு, மருந்தும் கொடுக்கிறோம், பொடியும் கொடுக்கிறோம் என்று வாசிப்பு வட்டத்துத் தம்பி ஒருவர் கேட்டார். டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். இட்ராகோனசோல் சாப்பிடுகிற பூனைக்குக் கல்லீரலைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். கூடவே என்ன போகிறது என்று தெரியாவிட்டால் அவர் எதைக் கவனிப்பார்? எங்கள் டாக்டர் காளானைக் கேட்டுச் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. எழுதிக்கொண்டு, நிறுத்தச் சொன்னார். கவிஞரோ, மருந்தைக் கேட்டபோது தலையில் அடித்துக்கொண்டார்.

அவரோடு எனக்குப் பகை இல்லை. அம்மா இன்னும் அவருக்குக் காப்பி போட்டுத்தான் கொடுக்கிறார். ஆனால் மேடையில் சொன்னதை அவர் மேடையிலேயே திரும்பப் பெற வேண்டும். ரசாயனத்துக்கு மாறியதால் சொக்கன் செத்தான் என்று சொன்னது பொய், அதைக் கேட்டு அடுத்த வாரம் யாரோ ஒருவர் தன் பூனையின் மாத்திரையை நிறுத்தியிருக்கலாம். அந்தப் பூனை யார் கையைக் கீறும்?

இதை எழுதுவதற்கு முன் டப்பாவில் இருந்த எண்ணுக்குச் செய்தி அனுப்பினேன். மூன்று கேள்வி: இது எந்தத் தொகுதி, பீட்டா-குளுக்கான் எத்தனை சதவீதம், நான்கு கிலோப் பூனைக்கு அரைத் தேக்கரண்டி என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. ஒரு சிவப்பு இதயம், வாடிக்கையாளர்களின் பூனைப் படங்கள் ஆறு, அடுத்த டப்பாவுக்குப் பத்து சதவீதம் கழிவு. பூனையின் பெயர் என்ன என்றும் கேட்டிருந்தார்கள்.